நண்டலாற்றுப் பாலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியின் காரைக்கால் பற்றிய உங்கள் கட்டுரையில், பக்கத்திலிருக்கும் தமிழ்நாட்டுப் பொறையாறை 'எல்லையூர்' என்று எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன். நான் மயிலாடுதுறைக்காரன். கனடாவின் வின்ட்சரில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பினேன். அங்கே தினமும் மாலை நடை ஆற்றங்கரையில்தான். எதிரே அமெரிக்காவின் டெட்ராய்ட். நடுவில் அம்பாசடர் பாலம். மேலே லாரிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். எல்லை என்றால் அது! பொறையாற்றுக்கும் காரைக்காலுக்கும் நடுவிலிருக்கும் நண்டலாற்றுப் பாலம் பஸ்ஸில் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. அதைப் போய் எல்லை என்பது கொஞ்சம் ஓவர் இல்லையா? அங்கே என்றைக்காவது பாஸ்போர்ட் கேட்டிருக்கிறார்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாதி ஓவர்தான். பொறையாற்றில் யாரும் தன் ஊரை எல்லையூர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'காரைக்கால் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்' என்பார்கள், அடுத்த தெருவுக்குக் கிளம்புகிற மாதிரி. பிஒய் 02 என்று காரைக்கால் நம்பர் போட்ட வண்டிகள் எங்கள் கடைத்தெருவில் சாதாரணம்.

ஆனால் பாலத்தின் நீளத்தை வைத்து எல்லையை அளக்காதீர்கள். பையில் என்ன இருக்கிறது என்று எங்கே கேட்கிறார்களோ, அதுதான் எல்லை. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1 வரை அவர்களிடம் இருந்தது. பாஸ்போர்ட்டை விடுங்கள், 1949-இல் இந்தியாவோடு இருந்த சுங்க ஒப்பந்தம் முறிந்த பிறகு மூட்டை முடிச்சைப் பிரித்துத்தான் விட்டார்கள்.

நீங்கள் மாலை நடை போன கரைக்கும் இதே கதைதான். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. வின்ட்சர் பக்கம் சாராய ஆலை. சரக்கு படகில் போனது. ஆறு உறைந்தபோது பனிக்கட்டிமேல் காரிலேயே போனது. உங்கள் அம்பாசடர் பாலம் 1929-இல்தான் திறந்தது. அதற்கு முன்பே தொழில் ஜோராக நடந்தது. நம் பக்கம் வாருங்கள்: 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு, ஆற்றைத் தாண்டினால் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. அப்புறம் சொல்ல வேண்டுமா? கொடி மாறியும் பழக்கம் போகவில்லை. நாகூரைத் தாண்டி, காரைக்காலின் தெற்கு எல்லையான வாஞ்சூரில் பஸ்ஸைவிட்டு இறங்கிப் பாருங்கள், புரியும்.

எல்லை ஆற்றோடு நிற்கவும் இல்லை, வீட்டுக்குள்ளேயும் வந்தது. 1962-இல் இந்த ஊர்களை இந்தியாவோடு சேர்க்கும் ஒப்பந்தம் அமலானபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று குடும்பங்கள் பிரிந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை இங்கே 'சொல்தா' என்பார்கள், சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கோட்டுச்சேரியில் வாழ்க்கைப்பட்ட என் பெரியம்மா, வழி சொல்லும்போது 'சொல்தா வீட்டுக்கு எதுத்தாப்ல' என்றுதான் சொல்வார்.

பெரிய பாலங்களைவிடச் சின்ன ஊர்ப் பாலங்கள்தான் எனக்குப் பிடிக்கும். கனடாவின் செயின்ட் ஸ்டீபன், அமெரிக்காவின் கேலஸ் என்று இரண்டு சிற்றூர்கள், நடுவில் செயின்ட் குரோய் ஆறு. (எழுத்தில் பிரெஞ்சுக் 'கலே'. வாயில் கேலஸ். நாம் 'சொல்தா' ஆக்கினோமே, அதேபோல.) ஒரு ஊரில் தீப்பிடித்தால் மற்ற ஊரின் தீயணைப்பு வண்டி பாலம் தாண்டி ஓடிவரும். அப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவிலேயே, 2020 மார்ச்சில், கொரோனா வந்ததும், அத்தியாவசியம் இல்லாதவர் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஏப்ரலில் நண்டலாற்றிலும் தடுப்பு போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை பொறையாற்றில் கிடைக்கவில்லை. பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், காரைக்காலில் வாங்கிக்கொண்டு டிவிஎஸ் 50-இல் பாலத்தின் அந்த முனைக்கு வந்தார். இந்த முனையில் நான். போலீஸ்காரர் மஞ்சப்பையை லத்தி நுனியில் மாட்டித் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, மேலே மருந்து அடித்து, தடுப்புக்கு இந்தப் பக்கம் வைத்தார். நான் எடுத்துக்கொண்டு திரும்பும்போது அண்ணன் கத்தினார்:

"டேய், எறாக் கொழம்பு குடுத்தனுப்புன தூக்கு எங்கடா? அம்மா கேக்குறாங்க!"

தூக்கு என் வண்டியில்தான் மாட்டியிருந்தது. எடுத்து நீட்டினேன். போலீஸ்காரர் தலையை ஆட்டினார்.

"வெறும் பாத்திரம்லாம் அத்தியாவசியத்துல வராது சார்."