உல்லம் எங்கே போச்சு?

கேள்வி: உல்லம் மீன் காவிரியில் ஏறி வரும் என்று என் தாத்தா சொல்வார். இப்போது கண்ணில்கூடப் படுவதில்லை. மீனவர்களின் பேராசைதானே காரணம்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பழிபோட ஆள் தேடினால் வலைக்காரர்தான் முதலில் அகப்படுகிறார். பக்கத்தில்தானே அணைக்கரை, ஒரு நடை போய்ப் பாருங்கள். உல்லம் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும் மீன். அணைக்கரையில் கொள்ளிடத்தை மறித்துக் கீழணை, அதற்கு மேலே 1934இல் மேட்டூர் அணை. எகிறித் தாண்ட அது என்ன சால்மனா? கங்கையில் அலகாபாத் வரை போய்க்கொண்டிருந்த கூட்டத்தை 1975இல் பரக்கா அணை மறித்தது. (கோதாவரிப் பக்கம் தாலியை விற்றாவது தின்னச் சொல்லும் புலச மீனும் நம்ம உல்லம்தான்.)

சரி, வலைக்குப் பங்கே இல்லையா? உண்டு. பொடி மீனுக்கென்று போட்ட சின்னக் கண்ணி வலையை இழுத்தால், கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த உல்லக் குஞ்சும் சாண் நீளத்தில் வெள்ளியாக மின்னிக்கொண்டு வந்து விழும். திருப்பி விடலாமே என்பீர்கள். வலையை விட்டு எடுத்த கொஞ்ச நேரத்தில் செத்துப்போகிற மீன் அது. செதில் உதிர்ந்ததைத் தண்ணீரில் போட்டு என்ன பயன்?

வங்கதேசம் இதற்கு வழி பார்த்தது. 25 செ.மீ.க்குக் குறைந்த குஞ்சை நவம்பர் முதல் ஜூன் வரை தொடக் கூடாது. அக்டோபரில் முட்டை மீன் ஏறும்போது 22 நாள் முழுத் தடை. தடை போட்டதோடு கைகழுவவில்லை. குஞ்சு சீசனில் நாலு மாதம், குடும்பத்துக்கு மாதம் 40 கிலோ அரிசி. 2002-03இல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த பிடிப்பு, 2017-18இல் 5 லட்சத்தைத் தாண்டியது. அரிசி மட்டும் போதுமா? போதாது. எண்ணெய், மிளகாய் யார் தருவது? வலைக்கும் படகுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி தடைக்காலம் பார்த்தா கடனைக் கேட்பார்? ராத்திரியில் திருட்டுத்தனமாக வலை போடுகிறவர் எல்லோரும் பேராசைக்காரர் இல்லை ஐயா.

மேற்கு வங்கத்திலும் 23 செ.மீ.க்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சந்தையில் 'கோக்கா இலிஷ்' என்று, அதாவது குட்டிப் பையன் உல்லம் என்று, செல்லப்பெயர் வைத்து விற்கிறார்கள். பெரிய மீனைவிட விலை மலிவு. அதற்குப் பையை நீட்டுகிறவர் வலைக்காரர் இல்லை.