பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பெற்றோர் என்ன செய்ய முடியும்?

என் மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டிலிருந்து பள்ளி முக்கால் கிலோமீட்டர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரோடு சேர்ந்து நடந்தே போகிறாள். எங்கள் ஊர் சிறிய பேரூராட்சி. பள்ளி இருப்பதோ மாநில நெடுஞ்சாலை ஓரத்தில்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, நான் பள்ளியின் வாசலில் நிற்கும்போதே அது நடந்தது. அவள் தண்ணீர் பாட்டில் கைநழுவி, நிறுத்தியிருந்த ஷேர் ஆட்டோவுக்கும் சரக்கு வேனுக்கும் இடையே உருண்டு சாலைக்குப் போனது. பின்னாலேயே அவளும் ஓடினாள். பைக்கில் வந்தவர் டயர் கிறீச்சிட பிரேக் பிடித்து, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். அவருக்கும் கை நடுங்கியது. அவரைக் குறை சொல்ல முடியாது. வேன் மறைத்ததில் அவள் அவர் கண்ணில் பட்டிருக்கவே வழியில்லை.

மறுநாள் காலை அதே இடத்தில் முழங்காலிட்டு, அவள் கண் உயரத்திலிருந்து பார்த்தேன். ஆட்டோவின் பின்சக்கரமும் வேனின் கதவும் தெரிந்தன. சாலை தெரியவில்லை. ‘இரண்டு பக்கமும் பார்த்துக் கட’ என்று தினமும் சொல்லி அனுப்பியது எவ்வளவு வீண் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆகவே பிள்ளைக்குப் புத்தி சொல்வதற்கு முன் பள்ளி வாசலைச் சரிசெய்யுங்கள். வருகிற வண்டியின் வேகத்தைச் சிறு பிள்ளைகளால் கணிக்க முடியாது. வண்டிதான் மெதுவாக வர வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுபவர் பார்த்து பிரேக் பிடித்து நிற்பதற்குள் ஏறத்தாழ 13 மீட்டர் வந்துவிடும். 50 கிலோமீட்டர் வேகம் என்றால் 28 மீட்டர்.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அங்கே தீர்மானம் போட்டு, காலை நெரிசலில் எடுத்த படங்களோடு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர் என்பதால் மனுவில் அந்தக் குழுவையும் குறிப்பிடுங்கள். மனு ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். அந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் அலுவலகத்தில் எங்களுக்குப் பதில் கிடைத்தது. நான்கு மாதத்தில் வேகத்தடை போட்டார்கள்.

அதில் ஒரு புதிய தொல்லை. வேகத்தடை தார் விளிம்போடு முடிந்துவிட்டது. இருசக்கர வண்டிகள் அதில் ஏறாமல் ஓரத்து மண்ணில் இறங்கி ஓடத் தொடங்கின. பிள்ளைகள் நடப்பதே அந்த மண்ணில்தான்! மறுபடி அலைந்து இரு ஓரங்களிலும் குட்டைத் தூண்கள் நட வைத்தோம். நீங்கள் முதல் மனுவிலேயே இதையும், வெள்ளைப் பட்டையையும், எச்சரிக்கைப் பலகையையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆனால் அதிகம் பலன் தந்தது நாங்களே செய்தவைதான். வாசலின் இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டருக்குக் கயிறு கட்டி, வண்டி நிறுத்தவிடாமல் பார்த்துக்கொண்டோம். ஆட்டோக்காரர்கள் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார்கள். முரண்டு பிடித்தவர்கள், பிள்ளையை பைக்கில் வாசல்வரை கொண்டுவந்து இறக்கும் பெற்றோர்தான். ரேஷன் கடையருகே இறக்கிவிட்டு நூறு அடி நடக்கவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். சிலர் இன்னும் முகம் சுளிக்கிறார்கள். தலைமையாசிரியர், ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பத்து நிமிடம் முன்னதாக விட இசைந்தார். பெரிய பிள்ளைகளின் சைக்கிள் கூட்டத்தில் சின்னவர்கள் இப்போது சிக்குவதில்லை.

இவ்வளவும் ஆன பிறகே மகளிடம் பேசினேன். நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நட. எது உருண்டு ஓடினாலும் விட்டுவிடு, அப்பா வேறு வாங்கித் தருகிறேன் என்றேன்.

ஐப்பசி மழையில் ஓரத்து மண் சேறாகிவிடும்; பிள்ளைகள் தாருக்கு ஏறிவிடுவார்கள். நடைபாதை கேட்டு இரண்டாவது மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த திங்கட்கிழமை மறுபடி போகிறோம்.