லண்டன் பிள்ளைகளின் ஆங்கிலத்தை மாற்றியது குடியேறியவர்களின் மொழிக் கலப்பா?

குடியேறியவர்கள் தங்கள் மொழியை ஆங்கிலத்தோடு கலந்து பேசியதால் கிழக்கு லண்டனின் பழைய காக்னிப் பேச்சு மாறிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. மாற்றியவர்கள் பெற்றோர் அல்லர், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்.

கிழக்கு லண்டனிலுள்ள ஹாக்னிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1948க்குப் பிறகு கரீபியத் தீவுகளிலிருந்தும், பிறகு துருக்கி, நைஜீரியா, கானா, வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்தும் மக்கள் வந்தார்கள். பழைய காக்னிக் குடும்பங்கள் பல லண்டனுக்குக் கிழக்கே உள்ள எசெக்ஸ் பக்கம் போய்விட்டன. நர்சரிக்குப் போகும் நான்கு வயதுப் பிள்ளையைச் சுற்றிலும் ஆங்கிலம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக. இதுதான் சரி என்று பார்த்துப் பழக ஒரு பெரும்பான்மைப் பேச்சு இல்லை. அதனால் பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கிறார்கள். அப்படி உருவானதைத்தான் மொழியியலாளர்கள் 'மல்ட்டிகல்ச்சுரல் லண்டன் இங்கிலீஷ்', அதாவது பல பண்பாட்டு லண்டன் ஆங்கிலம், என்கிறார்கள்.

மொழியியலாளர்கள் பால் கெர்ஸ்வில், ஜென்னி செஷயர், சூ ஃபாக்ஸ், ஐவின் டோர்கர்சன் ஆகியோர் 2004 முதல் ஹாக்னியையும் புறநகரான ஹேவரிங்கையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். நண்பர் வட்டம் எவ்வளவு கலப்பானது என்பதற்குப் பெரிய பங்கு இருந்தது. கலப்பான வட்டம் உள்ள வெள்ளைக்காரப் பையன்களிடமும் புதிய பேச்சு தென்பட்டது. ஆகவே குரலை மட்டும் கேட்டு ஒருவரின் இனத்தைச் சொல்ல முயன்றால் தவறிவிடும்.

மாறியது என்ன? காக்னியில் 'ஹவுஸ்' என்பது 'அவுஸ்' ஆகும். ஹாக்னிப் பிள்ளைகளோ 'ஹ்' ஒலியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். மொழி கெட்டுப்போகிறது என்பவர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்கள்? 'ஃபேஸ்', 'கோட்' போன்ற சொற்களில் காக்னியின் அகன்ற ஈருயிர் (ஓர் உயிரொலியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஒலி) போய், நம் ஏ, ஓ போலக் கிட்டத்தட்ட ஒற்றை உயிர் வந்திருக்கிறது. 'அன் ஆப்பிள்' என்பதற்குப் பதில், தொண்டையில் சின்ன அடைப்போடு 'அ ஆப்பிள்' என்கிறார்கள். 'ஓர் ஊர்' என்று இலக்கணம் சொல்ல, நாம் 'ஒரு ஊர்' என்று பேசுகிறோமே, அதே வகை எளிமை. 'மேன்' என்ற சொல் 'நான்' என்ற பொருளிலும் வருகிறது: 'மேன் டோன்ட் நோ' என்றால் எனக்குத் தெரியாது.

'வாக்வான்' (என்ன விசேஷம்?), 'மேன்டெம்' (நண்பர் கூட்டம்) போன்ற ஸ்லாங் சொற்கள்தான் முதலில் காதில் விழும். அவற்றில் பல ஜமைக்காவிலிருந்து வந்தவை. அதை வைத்து 2006 வாக்கில் பத்திரிகைகள் இதை 'ஜஃபைக்கன்', அதாவது போலி ஜமைக்கன், என்று அழைத்தன. அது அநியாயம். இந்தப் பிள்ளைகள் யாரையும் போலச் செய்யவில்லை. அவர்கள் வளர்ந்த பேச்சே இதுதான். ஸ்லாங் சொற்கள் வயதோடு உதிரலாம், உயிரொலிகள் அவ்வளவு எளிதில் போகாது.

இதே கண்ணோடு திருப்பூரைக் கவனிக்க விரும்பினால், வடமாநிலத் தொழிலாளியின் பேச்சைப் பதிவு செய்வதோடு நிறுத்தாதீர்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் அவர் பிள்ளையைக் கேளுங்கள். பெற்றோரின் அனுமதி வாங்கிவிட்டு, நண்பர்கள் இருவரைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசவிடுங்கள். தனியாக வைத்துக் கேள்வி கேட்டால் வகுப்பறைத் தமிழ்தான் வரும். பதிவின் முதல் சில நிமிடங்கள் கூச்சத்தில் போகும், அவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். நெருங்கிய நண்பர்கள் ஐந்து பேர் யார், அவர்கள் வீட்டில் என்ன பேசுவார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே தெருவில் உள்ளூர்ப் பிள்ளைகளையும் தாத்தா பாட்டிகளையும் பதிவு செய்யாவிட்டால், எது புதிது, எது பழைய கொங்குப் பேச்சு என்று பிரிக்க முடியாது.

ஹாக்னியில் நடந்தது திருப்பூரில் அப்படியே நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளே பெரும்பான்மையாக இருக்கும்வரை, வந்த பிள்ளை கொங்குத் தமிழையே பிடித்துக்கொள்ளும். வகுப்பில் பாதிக்கு மேல் வெவ்வேறு மொழி வீட்டுப் பிள்ளைகள் இருக்கும் பள்ளி ஏதாவது இருந்தால், பதிவை அங்கே தொடங்குங்கள்.