கேளுங்கள் அக்காவிடம்: வெளியே வந்த கல்லுக்கு எதற்கு லேப்?

கேள்வி: அக்கா, என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். போன மாதம் சிறுநீரில் கல் இறங்கியது. டாக்டர் அதை வாங்கி 'இன்ஃப்ராரெட்' சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். வெளியே வந்துவிட்ட கல்லுக்கு என்ன சோதனை? அப்புறம், பசார் மாலாமில் ஒளியாலேயே இனிப்பு நீர் பார்க்கும் கைக்கடிகாரம் விற்கிறார்கள். மாமியாருக்கு வாங்கலாமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, அந்த டாக்டருக்கு நன்றி சொல்லுங்கள். நான் லேப்பில் வேலை பார்த்த காலத்தில், வலி போனதே போதும் என்று கல்லைக் கழிவறையிலேயே விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம். மறுபடி வலியோடு வரும்போது எனக்கு மனசு பதறும்.

கல்லைத் தூளாக்கி, துளியளவு எடுத்து, சின்ன வைரப் பரப்பின்மேல் வைத்து அகச்சிவப்பு (இன்ஃப்ராரெட்) ஒளியைச் செலுத்துவார்கள். ஒவ்வொரு பொருளும் தனக்கென்று சில அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்ளும். எங்கெங்கே ஒளி குறைந்தது என்பதைக் கருவி கோடாக வரைந்து தரும். கல் வகைகளில் கால்சியம் ஆக்சலேட்டின் கோடு வேறு, யூரிக் அமிலத்தின் கோடு வேறு. பழைய ரசாயனச் சோதனை காலாவதியாகிவிட்டது என்றே ஐரோப்பிய சிறுநீரியல் வழிகாட்டிகள் சொல்கின்றன.

வகை தெரிந்தால் வைத்தியமே மாறும். யூரிக் அமிலக் கல்லை, சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் மருந்தாலேயே கரைக்கலாம். கால்சியம் ஆக்சலேட் அப்படிக் கரையாது. ஸ்ட்ரூவைட் என்ற கல் வகையாக வந்தால் கிருமித் தொற்றைக் கவனிக்க வேண்டும். எந்தக் கல்லானாலும் சரி, வெயிலில் வேர்த்துக் கொட்டுபவர் ஒரு நாளைக்கு 2.5 லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். இனிப்புத் தே அதற்கு ஈடாகாது.

கடிகாரம் வேண்டவே வேண்டாம். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிமீட்டரும் ஒளியால்தானே வேலை செய்கிறது என்பீர்கள். அது பார்ப்பது ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினை. 100 மில்லி ரத்தத்தில் அது 14 கிராம் அளவுக்கு இருக்கிறது; சர்க்கரையோ 0.1 கிராம்தான். தண்ணீரும் கொழுப்பும் புரதமும் ஒளியை உறிஞ்சும்போது சர்க்கரையின் அடையாளம் அவற்றுக்குள் அமுங்கிப்போகிறது. தோலைக் குத்தாமல் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தப்பான அளவை நம்பி மாமியார் இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அந்தக் காசில் குளுக்கோமீட்டருக்குப் பட்டை வாங்கிக் கொடுங்கள்.