கைபேசி போதாதா?

கேள்வி: நண்பர்கள் அழைத்ததால் முதல்முறையாக ஒரு மொட்டைமாடி காக்டெய்ல் பாருக்குப் போனேன். நாற்பது பேர் வந்தாலே நிறைந்துவிடும் சின்ன இடம். குடித்தது நன்றாக இருந்தது, காற்றும் நன்றாக இருந்தது. ஆனால் எதிரில் இருப்பவர் பேசியது ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மறுநாள் காலைவரை காதுக்குள் கொய்ங் என்று சத்தம். இதில் ஒருவருக்குப் பின் ஒருவராக இரண்டு டிஜேக்கள் வேறு. யாரோ பாடியதை ஓடவிடுவதற்கு ஆள் எதற்கு? கைபேசியில் ஒரு பிளேலிஸ்ட் போதாதா?
- ஒரு வாசகர்

பதில்: உங்கள் காதுக்கு நடந்தது அநியாயம். அதற்காக ஒரு தொழிலையே வேண்டாம் என்பதும் அநியாயம். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள். நான் பிரித்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் காது. அந்தக் கொய்ங் சத்தத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்காதில் ஒலியை உணர்கிற நுண்ணிய செல்கள் தாங்க முடியாமல் திணறியதன் அடையாளம் அது. மறுநாள் சத்தம் நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். செத்துப்போன செல்கள் மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை. வேலையிடங்களுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம் என்று ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது, தாங்கும் நேரம் பாதியாகிறது. அப்படியே கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசைக்கூடங்களுக்கு வெளியிட்ட தரவிதி, பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நாற்பது பேர் நிற்கும் மாடியில் அந்த உச்சத்துக்கு அருகில்கூடப் போகத் தேவையில்லை.

பிறகு ஏன் ஒலியை அவ்வளவு ஏற்றுகிறார்கள்? மொட்டைமாடியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. திறந்த வெளியில் ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறைந்துவிடும். பின்வரிசையில் இசை மெலிந்து கேட்கிறதே என்று வால்யூமைத் திருகுகிறார்கள். முன்னால் நிற்பவரின் காது கிழிகிறது. சத்தம் ஏற ஏற மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்று எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே சொல்லிவிட்டார். நாற்பது பேரும் கத்த, அதற்கு மேலே கேட்க வேண்டும் என்று இசை ஏற, அதற்கும் மேலே அவர்கள் கத்த... அந்த இரவு உங்களுக்கு நடந்தது இதுதான். ஒரு மூலையில் பெரிய ஸ்பீக்கர் வைப்பதற்குப் பதில், சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை ஆட்களுக்குப் பக்கத்தில் தாழ்வான ஒலியில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொரு காரணமும் உண்டு. பிரான்சில் பார்களில் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. இசையை 72 டெசிபலிலிருந்து 88-க்கு ஏற்றியபோது, அங்கிருந்த இளைஞர்கள் கிளாஸைச் சீக்கிரம் காலி செய்தார்கள், அதிகமாகவும் குடித்தார்கள். இது தெரிந்தே ஒலியை ஏற்றுகிற பார் முதலாளி வாடிக்கையாளரின் காதையும் ஈரலையும் சேர்த்தே விற்கிறார். என் கோபம் அவர்மீதுதான்.

சரி, டிஜேவுக்கு வருவோம். காக்டெய்ல் நன்றாக இருந்தது என்கிறீர்கள். அந்தப் பார்டெண்டரும் யாரோ காய்ச்சியதைத்தானே ஊற்றினார்? எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் ஷேக்கரில் குலுக்க வேண்டும், மது மட்டும் என்றால் கரண்டியால் கலக்கினால் போதும், ஐஸ் எவ்வளவு உருகினால் நாக்கில் காரம் அடங்கும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரிந்திருந்தது. பாட்டிலை அப்படியே கொடுத்தால் போதாதா என்று அவரிடம் நீங்கள் கேட்கவில்லை.

டிஜே ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோன் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காதில் ஓடுவது நீங்கள் இன்னும் கேட்காத அடுத்த பாட்டு. நிமிடத்துக்கு 120 தாளத் தட்டுகள் விழுகிற பாட்டின்மேல் 124 தட்டுகள் விழுகிற பாட்டை ஏற்ற வேண்டும் என்றால் வேகத்தை நூல் பிடித்தாற்போல் சரிசெய்ய வேண்டும். பிசகினால் இரண்டு தாளமும் ஒன்றின்மேல் ஒன்று தடுக்கி விழும். இதையாவது இன்று மென்பொருள் செய்துவிடுகிறது. ஆட்களைப் பார்ப்பதை அது செய்யாது.

1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் பொது அறையில் நடந்த விருந்தில் பாட்டுப் போட்டவர் கூல் ஹெர்க் என்ற டிஜே. பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, இதில் முடியும்போது அதில் தொடங்கி, அந்த நொடிகளை நீட்டினார். ஹிப்-ஹாப் என்ற இசை வகை பிறந்தது அப்படித்தான். அதே ஊரில் 1970-இலிருந்து தன் வீட்டிலேயே 'லாஃப்ட்' என்ற நடன இரவுகளை நடத்திய டேவிட் மன்குசோ, ஒரு கட்டத்தில் பாட்டோடு பாட்டைக் கலப்பதையே விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் முழுசாகப் போட்டார். மது விற்கவும் இல்லை. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதை வைத்தே இரவை விடியல்வரை கொண்டுபோனார்.

'இரண்டு டிஜேக்கள் வேறு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'வேறு' எனக்கு வலித்தது. முதலில் வருபவரின் வேலைதான் கஷ்டம். எல்லோருக்கும் தெரிந்த பாட்டைப் போட்டு உடனே கைதட்டு வாங்கலாம்; நல்லவர் வாங்க மாட்டார். இடம் பாதி காலியாக இருக்கும்போது வந்தவர்களைப் பேசவிட்டு, பேச்சுக்கு அடியில் தாளத்தை ஓடவிட்டு, மெல்ல மெல்ல ஏற்றி, உச்சத்தை அடுத்தவருக்கு விட்டுவைப்பார். சின்ன இடத்தில்தான் இது முழுதாகத் தெரியும். ஒவ்வொரு முகத்தையும் அவரால் பார்க்க முடியும். மூலை மேசையில் ஒரு கால் தாளம் போடத் தொடங்கியது பிளேலிஸ்ட்டுக்குத் தெரியாது.

ஆகவே இன்னொரு தடவை போங்கள். ஆனால் சீக்கிரமே, முதலாமவர் தொடங்கும்போதே போய்விடுங்கள். ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி, அவர் கைகள் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். சட்டைப்பையில் காதடைப்பான் இருக்கட்டும். ஒலி தாங்கவில்லை என்றால் கூச்சப்படாமல் குறைக்கச் சொல்லுங்கள். பேச்சுக்கு மதிப்புத் தருகிற இடம் குறைக்கும், குறைக்காத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், அந்தக் கொய்ங் சத்தம் இன்னும் இருந்தால், இந்தப் பதிலைப் படித்து முடித்த கையோடு காது மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.