வெளிநாட்டில் நீங்கள் கொண்டாடிய பிறந்தநாளில் மறக்க முடியாதது எது?

என் பிறந்தநாள் டிசம்பர் 6. பின்லாந்தின் சுதந்திர தினமும் அதுதான். 1917இல் ரஷ்யாவிடமிருந்து பிரிந்த நாள். வேலைக்காக ஹெல்சின்கி வந்த புதிதில், நம் பிறந்தநாளுக்கு நாடே லீவு, வாணவேடிக்கை தூள் பறக்கும் என்று நினைத்திருந்தேன்.

இங்கே அது சத்தமில்லாத நாள். போரில் இறந்தவர்களின் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். 1951இலிருந்து மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி ஹியேத்தானியெமி கல்லறையிலிருந்து செனட் சதுக்கம் வரை நடக்கிறார்கள். பிறகு எல்லோரும் டிவி முன்னால். அதிபர் மாளிகை விருந்துக்கு வருகிறவர்களுக்கு அதிபர் ஒவ்வொருவராகக் கைகொடுப்பதை விடாமல் பார்ப்பார்கள்.

நான் சொல்ல வந்தது 2022ஆம் வருடத்தை. அந்த டிசம்பர் 6 திருக்கார்த்திகையும்கூட. திருவண்ணாமலையில் மாலை ஆறு மணிக்கு மகாதீபம் ஏற்றியபோது இங்கே மதியம் இரண்டரை. மொபைலில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மா போனில், "அகல் இல்லேன்னா என்னடா, வாசல்ல ஏதாவது ஒரு விளக்காவது ஏத்து" என்றார். மூன்றே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிட்டது.

இங்கே பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்கு கேக் கொடுக்க வேண்டும். எதிர் வீட்டுப் பாட்டிக்கு ஒரு துண்டு கொண்டுபோனேன். லிஃப்டில் தலையசைப்பதைத் தவிர அதுவரை எங்களுக்குள் பேச்சே கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் இரண்டு மெழுகுவர்த்திகள் எடுத்து வந்தார், ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. "ஆறு மணிக்கு ஜன்னலில் வை. எல்லார் வீட்டிலும் இரண்டு எரியும்" என்றார். தன் அப்பா போரிலிருந்து திரும்பவில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னார். அப்பா முகம் அவருக்கு நினைவில்லையாம்.

ஆறு மணிக்கு ஏற்றி வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். எதிர்க் கட்டடத்தில் மாடிக்கு மாடி, ஜன்னலுக்கு ஜன்னல் இரண்டிரண்டு சுடர். எங்கள் தெரு கார்த்திகையன்று இப்படித்தான் இருக்கும். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வீடியோ காலில் காட்டினேன். ஊரில் அப்போது ஒன்பதரை மணி. அம்மா சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஊதி அணைச்சிடாதடா, தானா மலையேறட்டும்" என்றார்.

கேக்கில் மெழுகுவர்த்தி வைக்கவில்லை. ஜன்னலில் இருந்த இரண்டும் மலையேறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.