மனாவுஸ்ல மூணு நாள்

கேள்வி: தனியா பிரேசில் போறேன், மனாவுஸ்ல மூணு நாள்தான் இருப்பேன். எதை விட்டுடக் கூடாது?

பதில்: முதல் வேலையா படகு ஏறி ரெண்டு ஆறு சேர்ற இடத்துக்குப் போயிடுங்க, கட்டன் சாயா மாதிரி ரியோ நீக்ரோவும் பால் டீ கலர்ல சொலிமோயிஸும் சுமார் 6 கிலோமீட்டர் ஒட்டிக்கிட்டே ஓடும் ஆனா கலக்காது, ரெண்டுக்கும் வேகமும் சூடும் வேற வேறங்கறதால. நான் கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுன்னு இருந்த தண்ணி அடுத்த நிமிஷமே சில்லுனு ஆயிடுச்சு, உடம்பே சிலிர்த்துடுச்சுங்க! ரப்பர் காசு கொழிச்ச காலத்துல கட்டி 1896ல திறந்த அமேசோனாஸ் தியேட்டர்ங்கற ஓபரா அரங்கத்தைக் கண்டிப்பா பாருங்க. மார்க்கெட் பக்கம் போனா சுட்ட தம்பாக்கி மீன் விலா சாப்பிடுங்க, அவ்ளோ ருசி. ராத்திரி துறைமுகப் பக்கம் தனியா நடக்காதீங்க, டாக்சி பிடிச்சுடுங்க.